ஏழரை டிகிரி விலகலும் முட்டை வடிவ நட்சத்திரங்களும்

மதுரையிலிருந்து, தொலைநோக்கி வழியே வானத்தைப் படமெடுக்கும் ஒருவர் அனுப்பிய கேள்விக்கு இது பதில். அவரிடம் இருப்பது எச்இக்யூ5 ப்ரோ மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் சுழற்சியோடு சேர்த்துத் திருப்பும் மோட்டார் தாங்கி), 420 மி.மீ. குவியத் தூரமுள்ள 72 மி.மீ. ரிஃப்ராக்டர், 4.3 மைக்ரான் பிக்சல் கொண்ட பழைய கேனான் கேமரா. மேலே 120 மி.மீ. குவியத் தூரத்தில் ஒரு குட்டி கைடு ஸ்கோப், 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கைடு கேமரா; ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து, மவுண்ட் வழி தவறினால் திருத்துவதற்காக. அந்தக் கேமராவிலிருந்து எஸ்டி-4 கேபிள் நேராக மவுண்டுக்குப் போகிறது. லேப்டாப்பில் அந்தத் திருத்தங்களைக் கணக்கிடும் பிஎச்டி2 மென்பொருள். அவர் சொன்ன குறைகள் நான்கு: முதல் நட்சத்திரத்தைத் தேடச் சொன்னால் மவுண்ட் ஏழெட்டு டிகிரி மேற்கே போய் நிற்கிறது, காலிப்ரேஷன் (எந்தக் கட்டளைக்கு நட்சத்திரம் எவ்வளவு நகர்கிறது என்று பிஎச்டி2 கற்றுக்கொள்வது) பாதி நாள் "நட்சத்திரம் போதிய அளவு நகரவில்லை" என்று நின்றுவிடுகிறது, கைடிங் கிராஃப் அழகாக இருந்தும் 3 நிமிடப் படங்களில் நட்சத்திரங்கள் முட்டையாகின்றன, நள்ளிரவுக்கு மேல் மெரிடியன் (உச்சி வழியே போகும் வடக்கு-தெற்குக் கோடு) தாண்டித் திருப்பியதும் கிராஃபின் டெக் (வடக்கு-தெற்கு) கோடு மலையிலிருந்து விழுவது போல ஓடிவிடுகிறது. மவுண்டே கோளாறு, விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்கிறார்.

விற்க வேண்டாம். நான்கில் மூன்று குறைகளுக்கு மவுண்டில் கை வைக்கவே தேவையில்லை. மிச்சமிருக்கும் முட்டை வடிவத்திலும் கியர் மீது எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு.

முதல் குறையை உங்கள் எண்ணே காட்டிக்கொடுக்கிறது. வானம் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது. அரை மணி நேரப் பிழை என்றால் ஏழரை டிகிரி. நம் நேர மண்டலம் +5:30. மவுண்டோடு வரும் சின்ஸ்கான் கைக்கருவியில் அதை +5:00 என்று போட்டிருப்பீர்கள். மவுண்ட் தன் கணக்கில் அரை மணி முன்னே ஓடுகிறது, வானம் ஏற்கெனவே அவ்வளவு மேற்கே சாய்ந்துவிட்டது என்று நம்பி மேற்கே போய் நிற்கிறது. ஏழரை என்றாலே நமக்கு ஒரு பயம் உண்டு. இந்த ஏழரை ஒரு நிமிடத்தில் விலகும். அதே திரையில் தேதியையும் பாருங்கள்: மாதம் முதலில், நாள் பிறகு. டேலைட் சேவிங் "நோ" என்று இருக்க வேண்டும். அட்ச, தீர்க்க ரேகைகளைப் பாகை (டிகிரி), கலையாக (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கேட்கும். கைபேசி வரைபடம் தரும் தசம எண்ணை அப்படியே தட்டக் கூடாது. இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஓரிரண்டு டிகிரி விலகினால், தொடக்க நிலையில் மவுண்டை நிறுத்துவதிலும் துருவச் சீரமைப்பிலும் (மவுண்டின் அச்சை வான துருவத்தை நோக்கி வைப்பது) உள்ள பிழை அது. அது வேறு, ஏழரை வேறு.

அடுத்ததற்குப் போகும் முன் மின்சாரத்தை ஒருமுறை சோதியுங்கள். இந்த மவுண்டுக்கு 12 வோல்ட் வேண்டும். வேகமாகத் திரும்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். மல்டிமீட்டரை மவுண்ட் முனையில் வைத்து, திரும்பிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது 12.4 காட்டும் அடாப்டர், மோட்டார் ஓடியதும் 11-க்குக் கீழே படுத்துவிடும். மவுண்டின் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கினாலே மின்னழுத்தம் குறைகிறது என்று பொருள். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கான பிளக்கை நான் நம்புவதே இல்லை, ஆட்டினால் போதும், அறுந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் லெட் ஆசிட் பேட்டரி போன்ற ஒன்று இருந்தால் அதை வைத்து ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். குறை மறைந்துவிட்டால் குற்றவாளி அடாப்டர்.

இப்போது காலிப்ரேஷன். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

கைடு கேமராவின் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க 206.265-ஐப் பிக்சல் மைக்ரானால் பெருக்கி, குவியத் தூர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 206.265 × 3.75 ÷ 120 = 6.45 ஆர்க் செகண்ட். பழைய தமிழ்க் கணக்கில் ஆர்க் செகண்டுக்கு விகலை என்று பெயர், கலையில் அறுபதில் ஒரு பங்கு. சின்னதாக இருப்பதால் இனி அதையே எழுதுகிறேன். வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. நீங்கள் அனுப்பிய திரையின் படத்தில் கைடு வேகம் 0.25 (வானம் நகரும் வேகத்தில் கால் பங்கு) என்றும், காலிப்ரேஷன் துடிப்பு, அதாவது ஒவ்வொரு நகர்த்தல் கட்டளையின் நீளம், 500 மில்லிசெகண்ட் என்றும் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் நட்சத்திரம் 1.9 விகலை, பிக்சலில் 0.29 மட்டுமே நகரும். பிஎச்டி2 25 பிக்சல் நகர்வை எதிர்பார்க்கிறது. 60 துடிப்புக்கு மேல் பொறுமை இழந்து நிறுத்திவிடும். 60 × 0.29 என்றால் பதினேழரை பிக்சல்தான். ஒருநாளும் 25-ஐத் தொடாது.

இதோடு நீங்கள் நேராக இதய நெபுலாவுக்குப் போய் அங்கேயே காலிப்ரேட் செய்திருக்கிறீர்கள். அது டெக்ளினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள தூரம், சுருக்கமாக டெக்) +61 பாகையில் இருக்கிறது. துருவத்தை நெருங்க நெருங்க, ஆர்.ஏ. அச்சு (கிழக்கு-மேற்காகத் திருப்புவது) அதே அளவு சுழன்றாலும் நட்சத்திரம் வானில் நகரும் தூரம் குறையும். 61 பாகையில் பாதிக்கும் கீழே. பதினேழரை எட்டாகிவிட்டது. "சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை" என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம், வேலை செய்த நாட்களில் நட்சத்திரம் ஏதாவது இழுவையாலோ காற்றாலோ கூடுதலாக நகர்ந்திருக்கும். அந்த நாட்களின் காலிப்ரேஷன்தான் உண்மையில் ஆபத்தானது. தோற்ற காலிப்ரேஷனாவது ஒழுங்காகச் சொல்லிவிட்டு நிற்கிறது.

கைடு வேகத்தைக் கைக்கருவியின் செட்டப் மெனுவில் 0.5-க்கு மாற்றுங்கள். பிஎச்டி2-இல் பழைய ப்ரொஃபைலைத் திருத்தாமல், விசார்டு வழியாகப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். குவியத் தூரம் 120 என்று சரியாகக் கொடுத்தால் துடிப்பின் நீளத்தை அதுவே 1,800 மில்லிசெகண்ட் அளவுக்குக் கணக்கிடும். பிறகு வான நடுக்கோட்டுக்கு அருகே, மெரிடியனுக்குச் சற்று ஒதுங்கிய இடத்தில் காலிப்ரேட் செய்யுங்கள். மதுரையில் இருப்பவருக்கு இது ஒரு வரம்: நடுக்கோடு உங்கள் உச்சந்தலைக்குப் பத்து பாகை தெற்கேதான் ஓடுகிறது, தெளிவான உயர வானம். குளிர்காலத்தில் ஓரியன் பெல்ட்டின் மின்டாக்கா கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தொடங்கும் முன் கைக்கருவியின் வடக்குப் பொத்தானைச் சில நொடி மெதுவான வேகத்தில் அழுத்தி டெக் கியரின் தளர்வை எடுத்துவிடுங்கள்.

ஆனால் அங்கே எடுத்த காலிப்ரேஷனை இதய நெபுலாவுக்கு எடுத்துப் போக முடியுமா? உங்கள் இணைப்பில் முடியாது. எஸ்டி-4 என்பது நான்கு திசைக்கு நான்கு ஸ்விட்ச், அவ்வளவுதான். எஸ்பிஐஜி நிறுவனத்தின் பழைய கைடரின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அந்த வழியில் மவுண்ட் எங்கே பார்க்கிறது, தூணின் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற எதுவும் பிஎச்டி2-க்குத் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டுக் காரோட்டச் சொல்கிறோம். 61 பாகையில் காலிப்ரேட் செய்துவிட்டு நடுக்கோட்டுக்கு வந்தால் ஒவ்வொரு திருத்தமும் இருமடங்காகப் பாயும், ஆர்.ஏ. கோடு ரம்பப் பல்லாக மாறும். நீங்கள் அக்ரெசிவ்னெஸை (திருத்தத்தின் வேகத்தை) குறைத்துக் குறைத்துப் போராடியது இதனோடுதான்.

இதைத் தீர்க்க ஒரு ஈக்யூடைரக்ட் யுஎஸ்பி கேபிள் போதும். கைக்கருவியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் செருகி, ஈக்யூமாட், ஆஸ்காம் என்ற இணைப்பு மென்பொருள்கள் வழியாக லேப்டாப்பே மவுண்டை ஓட்டும். கைடிங் திருத்தங்களும் அதே கேபிளில் போகும். அப்போது பிஎச்டி2 டெக்ளினேஷனை மவுண்டிடமே கேட்டுத் தன் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும். ஈக்யூமாட்டில் பல்ஸ் கைடு வேகத்தைத் தனியாக வைக்க வேண்டும், 0.5 போதும். ஓர் எச்சரிக்கை: இந்தத் துளை பார்க்க நெட்வொர்க் துளை மாதிரியே இருக்கும். அதில் நெட்வொர்க் கேபிளையோ, மின்னழுத்தம் பொருந்தாத சீரியல் கேபிளையோ செருகினால் போர்டு போய்விடும். உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி அதற்கென்றே விற்கும் கேபிளை வாங்குங்கள்.

மெரிடியன் குறையும் இதே குருட்டுத்தனத்தின் தொடர்ச்சி. ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்டில் தொலைநோக்கி மறுபக்கம் புரண்டதும் கைடு கேமரா தலைகீழாகி, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஆகிவிடும், பழைய காலிப்ரேஷன் பொருந்தாது. டெக் திருத்தம் தவறான திசையில் போனால், நட்சத்திரம் விலகும், திருத்தம் இன்னும் தள்ளும், மேலும் விலகும். திருப்பிய உடனே கோடு இப்படி ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். புதுக் கேபிள் வரும்வரை, திருப்பிய பிறகு மறுபடி காலிப்ரேட் செய்யுங்கள். பத்து நிமிடம் போகும், இரவு தப்பும். கேபிள் வந்த பிறகும் ஓடினால், பிஎச்டி2-இன் மவுண்ட் அமைப்பில் "மெரிடியன் ஃபிளிப்புக்குப் பின் டெக் திசையை மாற்று" என்ற பெட்டி இருக்கிறது. அதை மாற்றிப் பாருங்கள். மவுண்டுக்கு மவுண்ட் விடை மாறும். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

இனி முட்டை. இதில்தான் என் மூன்று மாதம் போனது.

என்னிடமும் கிராஃப் பிழை 0.8 விகலை என்று காட்டிக்கொண்டிருந்தது, படங்கள் மட்டும் முட்டை. பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும் திருகு போன்ற வார்ம் கியர்தான் காரணம் என்று முடிவுகட்டி, மூடியைத் திறந்து, இறுக்கி, கிரீஸ் மாற்றி, மறுபடி தளர்த்தி... பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. வார்மை அதிகம் இறுக்கியதில் மோட்டாரே சில இடங்களில் திணறத் தொடங்கிவிட்டது. கடைசியில் பார்த்தால், கைடு ஸ்கோப்பைத் தாங்கும் நைலான் திருகுகளில் ஒன்று பாதி தளர்ந்திருந்தது. விரலால் தள்ளினால் நட்சத்திரம் திரையை விட்டே போகும். அந்த ஒரு திருகைத் தவிர எல்லாவற்றையும் நான் சோதித்திருந்தேன்.

கைடர் சொல்வது, கைடு ஸ்கோப்பில் நட்சத்திரம் அசையவில்லை என்பது மட்டும்தான். பெரிய குழாயில் அசையவில்லை என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. இரண்டு குழாய்களும் இரவு முழுக்கச் சாயும் கோணம் மாறிக்கொண்டே இருக்க, இடையில் உள்ள ஏதோ ஒன்று தலைமுடி அளவு வளைந்தால், கைடர் அந்த வளைவை விசுவாசமாகப் பின்தொடர்ந்து உங்கள் படத்தை இழுத்துக்கொண்டு போகும்.

உறுதிசெய்ய ஒரே வழி அளவெடுப்பது. ஒரே இலக்கை, கைடிங் போட்டு, 3 நிமிடப் படங்களாகப் பத்து எடுங்கள். டிதரிங் (படத்துக்குப் படம் வேண்டுமென்றே சற்று நகர்த்துவது) நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். முதல் படத்தில் ஒரு நட்சத்திரத்தின் பிக்சல் இடத்தையும், கடைசிப் படத்தில் அதே நட்சத்திரத்தின் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவுக்கு ஒரு பிக்சல் 2.1 விகலை. 15 பிக்சல் நகர்ந்திருந்தால் அரை மணியில் சுமார் 32 விகலை, நிமிடத்துக்கு ஒன்று. அப்படியானால் ஒவ்வொரு 3 நிமிடப் படத்திலும் நட்சத்திரம் ஒன்றரை பிக்சல் நீண்டிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தின் முட்டை கிட்டத்தட்ட அதே அளவுதான் எனக்குத் தெரிகிறது. நகர்வு ஒரே திசையில், ஒரே சீராக இருந்தால் வளைவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முட்டை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதும் பேசும். படம் முழுக்க ஒரே திசை என்றால் வளைவோ கைடிங்கோ. கைடு நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமாகச் சுழன்றதுபோல ஓரங்களில் மட்டும் நீண்டால் துருவச் சீரமைப்பு. நான்கு மூலையிலும் நடுவிலிருந்து வெளியே சீறுவதுபோல நீண்டால் ஃபிளாட்னருக்கும் (படத்தின் ஓரங்களைச் சீராக்கும் லென்ஸ்) கேமராவுக்கும் உள்ள இடைவெளி, அதற்கும் மவுண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்.ஏ. திசை எது என்று படத்தில் தெரியாவிட்டால், 20 நொடி எக்ஸ்போஷர் போட்டு, முதல் ஐந்து நொடி சும்மா விட்டு, பிறகு கிழக்குப் பொத்தானை மெதுவான வேகத்தில் அழுத்துங்கள். தலையும் வாலுமாக ஒரு கோடு விழும், அதுதான் ஆர்.ஏ. முட்டை அந்தக் கோட்டோடு ஒத்துப்போய், பிஎச்டி2-இலும் ஆர்.ஏ. பிழை டெக்கைவிட இரண்டு மடங்கு இருந்தால், அப்போதுதான் கியரைப் பற்றிப் பேச வேண்டும்.

வளைவு என்று தெரிந்தபின் வேலை எளிது, அலுப்பானது. கைடு ஸ்கோப்பை ஃபைண்டர் ஷூவிலிருந்து (குட்டித் தொலைநோக்கியைச் செருகும் பிடி) எடுத்து, இரண்டு உலோக வளையத்தில், பெரிய குழாயை மவுண்டில் பொருத்தும் டவ்டெயில் பட்டையோடு நேரடியாகப் பிணையுங்கள். நைலான் திருகு மதுரை வெயிலில் மொட்டை மாடியில் கிடந்தால் இளகும். ஃபோகஸர் பூட்டுத் திருகை இறுக்குங்கள். டிஎஸ்எல்ஆர் கனமானது, ஃபோகஸர் குழாய் அதன் எடையில் தலைசாய்க்கும். கேமராவின் யுஎஸ்பி கேபிள் காற்றில் தொங்கிக் குழாயை இழுக்காதபடி மவுண்டின் தலையிலேயே கட்டி, அங்கிருந்து கீழே விடுங்கள். இத்தனைக்கும் அடங்காவிட்டால் ஆஃப் ஆக்ஸிஸ் கைடர்: ஒரே குழாயின் ஒளியிலிருந்து சிறு பங்கை எடுப்பதால் இரண்டு குழாய் என்ற பிரச்சினையே இல்லை. 72 மி.மீ. குழாய்க்கு அது கொஞ்சம் அதிகம்தான், எனக்கு அவசியப்படும் என்று தோன்றவில்லை.

கியரை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். பிஎச்டி2-இல் கைடிங் அசிஸ்டன்ட் என்று ஒன்று இருக்கிறது. அது திருத்தம் அனுப்பாமல் மவுண்டை அதன் போக்கில் விட்டுப் பார்க்கும். சாதாரணமாக எல்லோரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் 20 நிமிடம் விடுங்கள். எச்இக்யூ5-இன் பெரிய பற்சக்கரத்தில் 135 பல். வார்ம் ஒருமுறை சுற்ற 638 நொடி ஆகும். ஆர்.ஏ. கோடு சுமார் பத்தரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அது வார்மின் இயல்பான பிழை, எல்லா மவுண்டிலும் இருக்கும், மெதுவானது, கைடர் எளிதில் சமாளிக்கும். பிஎச்டி2-இல் உள்ள முன்கணிப்பு அல்காரிதம் அந்த 638-ஐக் கற்றுக்கொண்டு முன்கூட்டியே திருத்தும். அதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் எழுதினார்கள். திடீரென்று இரண்டு நொடியில் குதிப்பதுதான் தொல்லை. அது பல்லில் சிக்கிய தூசு, கேபிள் இழுவை, அல்லது மாடியில் யாராவது நடப்பது. அண்டை வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தையும் கிராஃபில் குதிக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவன் நான், சிரிக்காதீர்கள், பொருந்தியது.

அசிஸ்டன்ட் கடைசியில் டெக் பேக்லாஷையும், அதாவது கியரின் தளர்வையும், அளக்கும். அது பெரிதாக வந்தால் வார்மை இறுக்குவதற்கு முன் வேறொன்று செய்யுங்கள்: துருவச் சீரமைப்பில் இரண்டு மூன்று கலை பிழையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, டெக் திருத்தத்தை ஒரே திசைக்கு மட்டும் அனுமதியுங்கள். நட்சத்திரம் மெதுவாக ஒரே பக்கம் நகரும், கியரும் ஒரே பக்கம் அழுந்தியிருக்கும், தளர்வு குறுக்கே வராது. ஒரு கலைப் பிழைக்கு அதிகபட்சம் நிமிடத்துக்கு கால் விகலைதான் நகர்வு, பயப்பட வேண்டாம்.

துருவச் சீரமைப்பு என்றதும் மதுரைக்கே உரிய இரண்டு விஷயம். துருவ நட்சத்திரம் உங்களுக்குப் பத்து பாகை உயரத்தில்தான், புகையிலும் கட்டடங்களுக்குப் பின்னாலும் இருக்கும். அந்த உயரத்தில் காற்றுமண்டலம் ஒளியை 5 கலைக்கு மேல் வளைத்து, அதை உண்மையைவிட உயர்த்திக் காட்டும். போலார் ஸ்கோப்பில் துல்லியமாக வைத்தாலும் அந்த 5 கலை பிழை உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வடக்கு தெரியாவிட்டால் நினா மென்பொருளின் மூன்று புள்ளிச் சீரமைப்பு வானத்தின் எந்தப் பகுதியிலும் வேலை செய்யும். பழைய முறையில் போக விருப்பமென்றால் பிஎச்டி2-இன் டிரிஃப்ட் அலைன், நேரம் பிடிக்கும், நம்பகமானது.

இரண்டாவது, எடைத் தண்டு. 50 பாகை அட்சரேகையில் அது சாய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பத்து பாகையில் கிட்டத்தட்ட நேராகக் கீழே தொங்கும், முக்காலியின் வடக்குக் காலுக்கு மிக அருகே. எடை காலில் உரசினால் ஆர்.ஏ. ஒரு கணம் நின்று பிறகு குதிக்கும். இருட்டில் தெரியாது. பகலில் ஒருமுறை கிளட்சைத் தளர்த்தி முழுச் சுற்றும் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் முக்காலிக்கும் தலைக்கும் இடையே ஒரு நீட்டிப்புத் தூண் போட வேண்டும்.

மாடியின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வெந்த கான்கிரீட் இரவு பத்து, பதினொரு மணி வரை அனல் விடும், நட்சத்திரம் கொதிக்கும். அந்த நேரத்தில் அரை நொடி எக்ஸ்போஷரில் கைடு செய்தால் கைடர் காற்றின் நடுக்கத்தையெல்லாம் துரத்தும். 2 முதல் 3 நொடி வைத்து, பல நட்சத்திரக் கைடிங்கை இயக்கிவிடுங்கள்.

கேபிள் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடியவை நேர மண்டலம், கைடு வேகம், நைலான் திருகு, அந்தப் பத்துப் படம். அவற்றைச் செய்துவிட்டு அன்றைய பிஎச்டி2 கைடு லாகையும், முதல் படம், கடைசிப் படம் இரண்டையும் சுருக்காமல் அனுப்புங்கள். திரையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்ப வேண்டாம், அதில் எண்கள் தெரிவதில்லை.